மாத்திரை தராத டாக்டரம்மா

எங்கள் தொழிலில் கருவி என்று எதுவும் கிடையாது. இரண்டு நாற்காலி, ஒரு மின்விசிறி, ஒரு செம்பு தண்ணீர், அவ்வளவுதான்.

நான் உளவியல் ஆலோசகர். தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையில் வேலை. வாரத்தில் ஒரு நாள் நீடாமங்கலத்தில், ஒரு மருந்துக்கடைக்குப் பின்னால் இருக்கும் அறையில் உட்காருவேன். கடைக்கு வருகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். ஊசியும் இல்லை, ஸ்டெதஸ்கோப்பும் இல்லை என்றதும் அவர்களுக்கு ஏமாற்றமாகிவிடும். முதல் மாதத்திலேயே ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்து, தூக்கம் வரவில்லை என்றார். “நான் மாத்திரை எழுத மாட்டேன் ஐயா, உங்களோட பேசுவேன்” என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். “பேசறதுக்கு எங்க வீட்டுலயே ஆள் இருக்காங்கம்மா. அத நிறுத்தறதுக்கு மாத்திரை இருந்தாக் குடுங்க.”

நான் செய்வதற்குக் காக்னிடிவ் தெரபி என்று பெயர். பெயர்தான் மிரட்டும். விஷயம் உங்களுக்கும் எனக்கும் தினமும் நடக்கிற சங்கதிதான். சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்கு ‘சாப்பிட்டியா’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறீர்கள். நீல டிக் விழுந்துவிட்டது, பதில் இல்லை. ‘வேலையா இருப்பான்’ என்று நினைத்தால் அடுப்படிக்குப் போய்விடுவீர்கள். ‘நம்மள மறந்துட்டான்’ என்று நினைத்தால் சோறு இறங்காது. ‘அவனுக்கு என்னமோ ஆயிடுச்சு’ என்று நினைத்தால் கைகால் உதறும். மூன்று பேருக்கும் விழுந்தது ஒரே நீல டிக்தான். நடுவில் ஒரு நினைப்பு வந்து உட்கார்ந்துகொண்டு நம்மை ஆட்டிவைக்கிறது. அந்த நினைப்பைப் பிடித்து நிறுத்தி, “நீ சொல்றது நிஜமா?” என்று விசாரிப்பதுதான் எங்கள் சிகிச்சை. சில சமயம் விசாரணை பத்தாது, எழுந்து போய்ச் சோதித்துப் பார்க்கவும் வேண்டும்.

அறுப்பு மெஷின் டிரைவர்

சேகர் நெல் அறுக்கும் மெஷின் ஓட்டுகிறவர். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். தை பிறந்துவிட்டால் வயல் வயலாகக் கூப்பிடுவார்கள். சாப்பிட நேரம் இருக்காது. அப்படி ஒரு மத்தியான வெயிலில் வெறும் வயிற்றோடு ஓட்டிக்கொண்டிருந்தபோது, நெஞ்சு தாறுமாறாக அடித்து, கை மரத்து, மூச்சு முட்டியது. மெஷினை வயலின் நடுவிலேயே நிறுத்திவிட்டு இறங்கி, வரப்பில் படுத்துவிட்டார். ‘செத்தோம்’ என்று நினைத்தாராம். இதய மருத்துவர் எல்லாச் சோதனையும் செய்து, இதயம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி என்னிடம் அனுப்பினார். சேகர் நம்பவில்லை. “நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள அது அடங்கிடுது மேடம். கையும் களவுமாப் பிடிக்க முடியல” என்றார். அதற்குப் பிறகு மெஷினில் ஏறவில்லை, மாடிப்படி ஏறவில்லை, வேகமாக நடக்கக்கூட இல்லை. முதலாளி வேறு டிரைவர் தேட ஆரம்பித்திருந்தார்.

நெஞ்சு வேகமாக அடிப்பது ஆபத்தில்லை. ‘இது மாரடைப்பு’ என்ற நினைப்பு வந்ததும் பயத்தில் இன்னும் வேகமாக அடிக்கிறது. அடிக்க அடிக்க நினைப்பு உறுதியாகிறது. இதைச் சொன்னேன். தலையை ஆட்டினார். சொல்லிக் கேட்டதால் யாருக்கும் பயம் போனதில்லை. ஆகவே நெஞ்சை வேண்டுமென்றே அடிக்கவைத்துப் பார்க்க முடிவுசெய்தோம். முதலில் அறைக்குள்ளேயே நின்ற இடத்தில் ஓடினார். அவர் முகம் வெளுத்தது; பார்த்துக்கொண்டிருந்தோம்; கொஞ்ச நேரத்தில் படபடப்பு தானே இறங்கியது. அடுத்த வாரங்களில் ரயில்வே ஸ்டேஷனின் நடைமேம்பாலம். ஏறி, இறங்கி, மறுபடியும் ஏற வேண்டும். தனியாக அனுப்பினால் பாதியில் நின்றுவிடுவார் என்று நானும் கூடப் போனேன். மேலே போய்ச் சேர்ந்ததும் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டேன். மூச்சு வாங்கியது, பேச்சு வரவில்லை. சேகர் தன் மணிக்கட்டில் விரல் வைத்திருந்தவர், அதை மறந்துவிட்டு என்னைக் கவலையோடு பார்த்தார். “மேடம், நீங்க ஒரு ஈசிஜி எடுத்துப் பாத்துடறது நல்லது.”

பெரிய கோயில் எங்கே இருக்கு?

ஆனந்த் தஞ்சாவூரில் ஒரு கூட்டுறவு வங்கியில் எழுத்தர். யாராவது தன்னைப் பார்த்தால் முகம் வியர்க்கும், நாக்கு ஒட்டிக்கொள்ளும். ‘எல்லாரும் என்னையே பாக்குறாங்க, கேவலமா நெனைக்கிறாங்க’ என்று உள்ளே ஒரு குரல் ஓடிக்கொண்டே இருக்கும். சொந்தத் தங்கையின் கல்யாணத்தில் மேடையேறிப் போட்டோ எடுத்துக்கொள்ள முடியாமல், சமையல்காரர்களோடு பின்கட்டில் நின்றுவிட்டார். தங்கை அழுதிருக்கிறாள். அதற்குப் பிறகுதான் என்னிடம் வந்தார். உங்களில் எத்தனை பேர் பஸ்ஸில் “இறங்கணும்” என்று சத்தமாகச் சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கியிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அதே நோய்தான், இவருக்குக் கொஞ்சம் முற்றியிருந்தது.

பல வாரம் சின்னச் சின்னப் பயிற்சிகள் செய்தோம். டீக்கடையில் சர்க்கரை பத்தவில்லை என்று சொல்வது, வாங்கிய சட்டையைத் திருப்பிக் கொடுப்பது. கடைசியில் ஒன்று சொன்னேன். பெரிய கோயில் வாசலுக்கு எதிரே நின்றுகொண்டு, போகிற வருகிறவர்களிடம் “பெரிய கோயில் எங்க இருக்கு?” என்று கேட்க வேண்டும். ஆனந்த் என்னை விரோதியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டேன். கூட்டம் கூடும், சிரிப்பார்கள், வங்கி வாடிக்கையாளர் யாராவது வீடியோ எடுப்பார்கள் என்றார். “சரி, பாத்துடுவோம்.”

நான் ஒரு ஜூஸ் கடை ஓரமாக நின்றேன். ஆனந்த் முதலில் ஒரு பேன்ட் சட்டைக்காரரிடம் கேட்டார். அவர் போனிலிருந்து தலையைத் தூக்காமல் தாடையால் காட்டிவிட்டுப் போனார். பிறகு இரண்டு கல்லூரிப் பெண்கள் கோபுரத்தைக் கையால் காட்டி, வாசல் எந்தப் பக்கம் என்றும் சொன்னார்கள். கடைசியாகப் பூக்காரம்மா. “திரும்பிப் பாருங்க தம்பி, அதான். பஸ்ல வந்த அசதியா? வந்தது வந்தீங்க, ஒரு மொழம் வாங்கிட்டுப் போங்க” என்றார். ஆனந்த் கையில் மல்லிகைப்பூவோடு என்னிடம் வந்தார். சட்டை நனைந்திருந்தது. முகத்தில் நான் எதிர்பார்த்த சந்தோஷம் இல்லை. என்ன ஆச்சு என்றேன். “ஒருத்தர்கூட என்னப் பாக்கல மேடம். கொஞ்சம் வருத்தமாத்தான் இருக்கு.”

கீரையும் உண்மையும்

எல்லா நினைப்பும் பொய்யாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். நான் அப்படி நினைத்துக்கொண்டிருந்த காலத்தில் வந்தவர் வித்யா. குடவாசல் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. கல்யாணமாகி மூன்று வருடம். ‘மாமியாருக்கு என்னைப் பிடிக்கல’ என்ற ஒன்றே ராவும் பகலும் ஓடியது. இளைத்துவிட்டார், வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று அழுதிருக்கிறார். அடுத்தவர் மனசில் இருப்பதை நாமே படித்துவிட்டதாக நம்புவது நம் எல்லோருக்கும் உள்ள வியாதி. ஆகவே நானும் வழக்கம்போல் கேட்டேன். “அவங்க எல்லார்கிட்டயும் அப்படித்தான் பேசுறாங்களோ? காது சரியாக் கேக்காதோ?” வித்யா யோசித்துப் பார்த்து, எதற்கும் நேராகவே கேட்டுவிடுவது என்று துணிந்தார்.

அடுத்த முறை வந்தபோது நடந்ததைச் சொன்னார். மாமியார் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாராம். இவர் பக்கத்தில் உட்கார்ந்து, “அத்தை, என்ன உங்களுக்குப் பிடிக்கலையா?” என்று கேட்டிருக்கிறார். அத்தை கையை நிறுத்தவேயில்லை. “ஆமா. எங்க அண்ணன் மவள எம் மவனுக்குக் கட்டணும்னு இருந்தேன். அவன் கேக்கல. ஒன்மேல குத்தம் ஒண்ணும் இல்ல. இந்தக் கீரைய அலசிட்டு வா.”

பாடப்புத்தகத்தில் இந்த இடத்துக்குப் பதில் கிடையாது. பிறகு வேறு பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். “சரி, பிடிக்கல. அதனால உங்களப் பத்தி என்ன தெரியுது?” நாங்கள் தோண்டிக்கொண்டே போனோம். அத்தைக்குப் பிடிக்கவில்லை என்றால் தன்னிடம் ஏதோ குறை. குறை இருப்பவளை நாளைக்குக் கணவனுக்கும் பிடிக்காமல் போகும். கடைசியில் தனியாக நிற்க வேண்டிவரும். ஒன்றின் அடியில் ஒன்றாக ஒளிந்திருந்தவை. மேலே இருந்தது உண்மை, அடியில் இருந்தவை வெறும் பயம். அந்த அம்மாள் மருமகளை அளந்து பார்த்துக் குறை கண்டுபிடிக்கவில்லை. வேறொருத்தியை நினைத்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். இது புரிய வித்யாவுக்குச் சில மாதம் ஆனது. கடைசியாக வந்தபோது முகத்தில் சதை பிடித்திருந்தது. வீட்டில் எப்படி என்று கேட்டேன். “பிடிக்கலன்னு உறுதியா தெரிஞ்சதுக்கு அப்புறம் நல்லாத் தூங்குறேன் மேடம். பிடிக்க வைக்கிற வேலை மிச்சமாச்சு.”

ஒரு மா நிலம்

கலியமூர்த்தியை அவர் மனைவி சரோஜாதான் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார். ஐம்பது வயது ஆள், உடம்பில் ஒரு நோயும் இல்லை, நடக்கத்தான் விருப்பமில்லை. நீடாமங்கலத்துக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமம். குத்தகை நிலம். அந்த வருடம் சம்பா நன்றாக வந்திருந்தது. அறுக்க வேண்டிய நேரத்தில் பருவம் தப்பிய மழை பிடித்து, பயிர் சாய்ந்து, தண்ணீரில் கிடந்த கதிர் முளைத்துவிட்டது. பக்கத்தில் மச்சினன் வயல் மேட்டு நிலம், அது தப்பித்தது. “எங் கை பட்டா எதுவும் விளங்காதுங்க” என்றார். அதைத் தவிர வேறு பேச்சில்லை. டீக்கடைக்குப் போவதில்லை, சவரம் செய்வதில்லை, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டே இருக்கிறார் என்று சரோஜா சொன்னார்.

“உயிரோட இருக்க வேண்டாம்னு தோணுதாங்க?” என்று நான் நேராகக் கேட்டேன். இப்படிக் கேட்டால் இல்லாத நினைப்பைக் கிளப்பிவிட்டுவிடுவோம் என்று பலருக்குப் பயம். அப்படி ஆவதில்லை. தனியாகச் சுமந்துகொண்டிருந்ததை இறக்கிவைக்க ஓர் இடம் கிடைக்கிறது. அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார். “தோணுதுங்க. நான் இல்லாட்டி இவங்களாச்சும் நல்லாருப்பாங்க.” சரோஜா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். அன்றைக்கு நான் சிகிச்சை எதுவும் பேசவில்லை. மூவருமாகத் தஞ்சாவூருக்குப் போய் மனநல மருத்துவரைப் பார்த்தோம். மருந்து ஆரம்பித்தது. சரோஜாவும் மச்சினனும் மாற்றி மாற்றிக் கூட இருந்தார்கள். வீட்டில் இருக்கக் கூடாத பொருட்களை மச்சினன் எடுத்துக்கொண்டு போய்விட்டார். பேச்சு மட்டும் போதாத இடம் எது என்று தெரிந்துவைத்திருப்பதும் என் வேலையில் சேர்த்திதான்.

கொஞ்சம் தெளிந்த பிறகு எங்கள் பேச்சு தொடங்கியது. “மனசு சரியானதும் வயலுக்குப் போறேங்க” என்பார். “கால் முதல்ல போகட்டும் ஐயா, மனசு பின்னாலயே வரும்” என்பேன். முதலில் வாய்க்கால் மதகு வரை போய்த் திரும்புவது, அப்புறம் டீக்கடை. டீக்கடையில் எல்லாரும் தன்னை இளக்காரமாகப் பார்ப்பார்கள் என்று உறுதியாக நம்பினார். போனார். பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டவர்கள், தங்கள் வயலில் முளைத்த நெல்லைப் பற்றி ஆளுக்கொரு பாட்டு பாடினார்களாம். பாதி ஊருக்கு அதே கதி. அது அவருக்கு அதுவரை தெரியாது. தெரிந்துகொள்ள வெளியே வரவேயில்லையே.

ஆனாலும் அந்த ஒரு வரி போகவில்லை. எல்லாம் தன் கை ராசி. ஒரு நாள் கேட்டேன். “பயிர் போனதுக்கான குத்தத்த ஒரு மா நிலம்னு வச்சுக்குவோம். நூறு குழி. மழைக்கு எத்தனை குழி எழுதலாம்?” அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நிலக் கணக்கு என்றதும் முகத்தில் ஒரு களை வந்தது. மழைக்கு அறுபது என்றார். வடிகால் முழுக்க ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டு தண்ணீர் வடியவில்லை, அதற்கு இருபது. தண்ணீர் லேட்டாக வந்து நடவு தள்ளிப்போனதற்குப் பத்து. அறுப்பு மெஷின் கிடைக்காததற்கு ஐந்து. “மிச்சம்?” என்றேன். மிச்சம் ஐந்து குழி. விசாரித்தபோது, மெஷின் கிடைக்காதபோது ஆள் விட்டு அறுத்திருக்கலாமோ என்பதுதான் அந்த ஐந்து. அதைத் தன் பங்காக வைத்துக்கொள்கிறேன் என்றார். நான் மறுக்கவில்லை. அவர் விரலால் மேஜைமேல் ஒரு சின்னச் சதுரம் போட்டு, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். “அஞ்சு குழியில ஒரு கீரைப் பாத்தி போடலாம்ங்க. அதுக்கு நான் ஒரு வேலி நெலத்துக்கு, இருபது மாவுக்கு அழுதிட்டேன்.”

கேட் போட்டிருந்த காலை

ஆனியில் ஒரு வாரம் கலியமூர்த்தி வரவில்லை. சொல்லாமல் நிற்கிற ஆள் இல்லை. போன் அடித்தேன், எடுக்கவில்லை. சரோஜா போன் அணைத்துவைக்கப்பட்டிருந்தது. மறுநாளும் அப்படியே. எனக்குள் ஒரு குரல் ஆரம்பித்துவிட்டது. மருந்தை நிறுத்திவிட்டார். சரோஜா ஏமாந்த நேரம் ஏதோ நடந்துவிட்டது. மச்சினன் எண்ணை வாங்கிவைத்திருக்க வேண்டும், வாங்கவில்லை. வேறு காரணங்கள் ஆயிரம் இருக்கலாம் என்று எனக்குத் தெரியும். நாளெல்லாம் அடுத்தவர்களுக்கு நான் சொல்வது அதைத்தானே. ஆனால் அன்று சோறு இறங்கவில்லை. எங்கள் வேலையில் நூறு தடவை பயந்தால் ஒரு தடவை அந்தப் பயம் உண்மையாக இருந்துவிடும். அதனால் எதையும் விடவும் முடியாது. அடுத்த நாள் அவர் ஊருக்கே போய்விடுவது என்று காலை பஸ்ஸில் கிளம்பினேன்.

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். அந்த ஊர் கேட்டைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, தெரியாதவர்கள் கொடுத்துவைத்தவர்கள். பஸ்ஸில் உட்கார முடியாமல் இறங்கி, கேட் வரை நடந்தேன். சரக்கு வண்டியின் எஞ்சின் ஒன்று முன்னாலும் பின்னாலும் போய்க்கொண்டிருந்தது. அது நகர்ந்ததும் எதிர்ப்பக்கம் ஒரு மொபெட் தெரிந்தது. முன்னால் நாற்றுக்கட்டு, பின்னால் சரோஜா, நடுவில் முழங்கால் வரை சேறோடு கலியமூர்த்தி. சவரம் செய்திருந்தார். யாரோ கேட்கீப்பரோடு சண்டை போட, இவர் அதை வேடிக்கை பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

கேட் திறந்ததும் இந்தப் பக்கம் வந்து, ஹாரன் சத்தத்துக்கு நடுவில் கலியமூர்த்தி ஓரமாக வண்டியை நிறுத்தினார். குறுவை நடவு ஆரம்பித்துவிட்டதாம். நடவாட்கள் கிடைத்த நாளை விட முடியாதாம். நாற்று பத்தாமல் எடுத்துவரப் போயிருக்கிறார்கள். போன் சேற்றில் விழுந்து செத்துவிட்டது. சரோஜா போனில் சார்ஜ் போட ஆள் இல்லை. “சொல்லாம நின்னுட்டேங்க, தப்புதான். அடுத்த வாரம் வந்துடறேன்” என்றார். நான் ஒன்றும் இல்லை என்றேன். என் முகம் காட்டிக்கொடுத்திருக்க வேண்டும். சரோஜா இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “நீங்களும் பயந்துட்டீங்களா மேடம்? தை மாசமெல்லாம் அவரு கொல்லப்பக்கம் போனாக்கூட நான் வாசப்படியிலயே நிப்பேன். இப்ப ஆள் கூப்பிடப் போன மனுசன் டீக்கடையில உக்காந்துட்டாருன்னு திட்டிக்கிட்டு நிக்கிறேன்.”

மனசு சொல்வதையெல்லாம் நம்பாதீர்கள் என்று சொல்லிச் சம்பளம் வாங்கும் நான், என் மனசு சொல்வதை மட்டும் இன்றுவரை ஒரு வார்த்தை விடாமல் நம்பிக்கொண்டிருக்கிறேன் என்பது நமக்குள்ளேயே இருக்கட்டும்.